கை பொறுக்கிற சூடு

பெட்டிக்குள் இறக்குவதற்காக ஆனந்தமேரியின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கியபோதுதான் வாசலில் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தேவதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவியின் தலை சாய்ந்துவிடாமல் முழங்கையில் தாங்கி, மெல்லத் தலையணையில் வைத்தார். ஐந்து நாள் காய்ச்சல் அவளைச் சிறுபிள்ளையின் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தது. விடியற்காலையில் மூச்சு நின்றது. சைகோனில் இருக்கும் மகள் ஸ்டெல்லாவுக்குத் தந்தி கொடுத்தாகிவிட்டது.

"மருத்துவச்சியம்மா இருக்காங்களா?" என்றது வாசலில் ஒரு குரல்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்டவள் தேங்காய்த்திட்டு சின்னப்பாப்பா. வண்டிக்குள் அவள் மகள் செல்வாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தலைச்சன் பிரசவம். சின்னப்பாப்பா மெழுகுவத்திகளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் வயித்தத் தொட்டுப் பாத்தாங்களே. வலி கண்டதும் கூட்டியாந்துடுன்னு சொன்னாங்களே."

கருப்புச் சிலுவையில் அக்காவின் பெயரையும் 1934 என்ற வருஷத்தையும் வெள்ளைச் சாயத்தில் எழுதிக்கொண்டிருந்த அலெக்சாண்டர் எழுந்து வந்தார்.

"சாவு வூடும்மா இது. ஆஸ்பத்திரிக்குத் தள்ளச் சொல்லு."

"தண்ணி ஒடஞ்சிடுச்சு சாமி. போற வழியிலயே பொறந்துடும்," என்றான் வண்டிக்காரன்.

"உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார் தேவதாஸ்.

"மாமா, நாலு மணிக்குக் கோயில்ல மணி அடிச்சிடுவாங்க. சாமியார் காத்துக்கிட்டு நிப்பாரு."

"நிக்கட்டும்."

பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் முதலில் எழுந்தவள் பால்கார ராஜாம்பாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கதவுக்குத் திரை இழுத்துவிட்டார்கள்.

கப்பல் சரக்கு இறங்கும் கடல்பாலத்தில் மூட்டை எடை பார்க்கிற தேவதாசுக்கு, மனைவியின் வேலை என்பது மூடிய கதவுகள்தான். இருபத்தாறு வருஷமாக அவளை எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுவிட்டிருக்கிறார். அவள் உள்ளே போவாள், இவர் தெருவில் நிற்பார். பிள்ளை அழும். கழுவிய கையோடு அவள் வெளியே வருவாள். உள்ளே என்ன செய்தாள் என்று கேட்டதில்லை. இப்போதும் பெட்டிக்கும் திரைக்கும் நடுவில் அப்படித்தான் நின்றார்.

"யாருக்காவது கை பழக்கம் உண்டா?" என்று சின்னப்பாப்பா கேட்டாள்.

"பெத்துக்கத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது," என்றாள் ராஜாம்பாள். "ஆனா எனக்கு நாலும் அவங்க எடுத்ததுதான். மல்லாக்கப் படுக்கவே வுட மாட்டாங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெப்பாங்க. திருப்புங்க பொண்ண."

"தலை தெரியறப்ப முக்காதடின்னுவாங்க," என்றது இன்னொரு குரல். "கஞ்சி ஆத்துற மாதிரி வாயால ஊதச் சொல்லுவாங்க. புள்ள தானா வரும், அவசரப்படாதன்னு."

"ஒரு கை தலை மேல இருக்கும். பிச்சிக்கிட்டு வராம அணைச்சுப் புடிச்சிருப்பாங்க. இன்னொரு கையால கீழ தாங்கிக்குவாங்க. எனக்கு இப்பக்கூட அந்தக் கை அங்க இருக்கற மாதிரிதான் இருக்குது."

"எனக்கு வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்திக்கிட்டே இருந்தாங்க. சதை எளகிக் குடுக்கும், கிழியாதுன்னு சொன்னாங்க."

"எவ்ளோ சூடு?"

வலியில் முனகுகிற பெண்ணின் சத்தம் மட்டும் கேட்டது.

"வெந்து போயிடப் போவுது. யாருக்கும் தெரியலன்னா துணி வேணாம்."

தேவதாஸ் திரையைப் பார்த்தபடி நின்றார்.

அவருக்குத் தெரியும். ஸ்டெல்லா பிறந்தது தவளக்குப்பத்தில், மாமனார் வீட்டில். பிரசவம் பார்க்க வந்தவள் முக்கு முக்கு என்று கத்தி, தலை தெரிந்ததும் பிடித்து இழுத்துவிட்டாள். ஆனந்தமேரிக்குப் பின்வாசல்வரை கிழிந்து போயிற்று. ஆற நாலு மாசம் ஆயிற்று. பாலத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அவர்தான் குழிவான அகலத் தாம்பாளத்தில் அவள் உட்கார வெந்நீர் கொண்டுபோய் வைப்பார். முதல் நாள் கொதித்தது, மறுநாள் ஆறிப்போயிருந்தது. மூன்றாம் நாள் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டாள். "கைய எடுத்துடலாமான்னு தோணும், ஆனா எடுக்க மாட்டீங்க. அந்தச் சூடு," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பிரசவ வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றாள்.

தேவதாஸ் அடுப்படிக்குப் போனார். சாவு வீடு என்று காலையிலிருந்து நெருப்பு மூட்டியிருக்கவில்லை. சுள்ளியை ஒடித்துச் செருகிப் பற்றவைத்தார். தண்ணீர் கொதித்ததும் பச்சைத் தண்ணீர் விளாவி, கையை உள்ளே விட்டார். இன்னும் ஒரு செம்பு விட்டார். கையை எடுக்காமல் நின்று பார்த்தார். பிறகு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கடியில் தள்ளினார்.

"ராஜாம்பா, இதான் சூடு."

"சரிண்ணே."

ஆறியது வெளியே வந்தது. விளாவியது உள்ளே போனது. எத்தனை முறை என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பார்த்தார். நாலு மணிக்குக் கோயிலில் துக்கமணி அடித்தது. பெட்டி தூக்க வந்தவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். அலெக்சாண்டர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்.

"தலை தெரியுது," என்றாள் ராஜாம்பாள். "முக்காத கண்ணு. ஊது. ஊது."

பந்தலில் செபமாலை சொல்வது நின்றுபோயிற்று. திரைக்குப் பின்னால் அந்தப் பெண் ஊதுவது கேட்டது. கூடவே உள்ளிருந்தவர்களும் ஊதினார்கள். பெட்டியருகே இருந்த பெண்களைப் பார்த்தார் தேவதாஸ். அவர்களும் தங்களை அறியாமல் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமேரியின் தலைமாட்டில் மெழுகுவத்திச் சுடர் படுத்து எழுந்தது. இத்தனை வீடுகளில், இத்தனை கதவுகளுக்குப் பின்னால் நடந்தது இதுதானா?

பிள்ளை அழுதது.

கொஞ்ச நேரம் கழித்து ராஜாம்பாள் வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரம். நேராக அவரிடம் வந்தாள்.

"அண்ணே, ஒரு இழைகூடக் கிழியலண்ணே."

அவர் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

அதன் பிறகுதான் யாரோ என்ன பிள்ளை என்று கேட்டார்கள். "பொண்ணு," என்று சொல்லிவிட்டு ராஜாம்பாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அழாதவள், அப்போது அழுதாள்.

கோயிலுக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. சாமியார் எதுவும் கேட்கவில்லை, யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். உப்பளம் கல்லறையில் பெட்டியை இறக்கி, முதல் பிடி மண் போடச் சொன்னார்கள். தேவதாஸ் குனிந்து அள்ளினார். வெந்நீரில் ஊறிச் சிவந்து சுருங்கியிருந்தது கை. குழிக்கு மேல் நீட்டி விரித்தார். மண் கொஞ்சம் விழுந்தது. மீதி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. தட்டிவிடாமல், அது காய்ந்து உதிரட்டும் என்று கையை நீட்டியபடியே நின்றார்.