முட்டை எந்தக் கட்டத்தில்

சேந்தமங்கலம் ரோட்டுப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் தண்டாயுதபாணிக்குக் கோழிப்பண்ணையும் உண்டு. முட்டை மஸ்கட்டுக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவர் ஒருநாள் பள்ளியையும் பார்க்க வருகிறேன் என்று சொன்னதும், இவர் முப்பது டேப்லெட் வாங்கி, இரண்டாம் வகுப்புக்கு அரபு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா என்றால், அதுதான் டேப்லெட்டுக்குள்ளேயே ஓர் அம்மாள் பேசுகிறாளே. மேற்பார்வைக்குக் கணக்கு டீச்சர் வித்யா போதும்.

வித்யாவுக்கு அரபில் ஓர் எழுத்தும் தெரியாது. மூன்று வருடமாக வேலை நிரந்தரமாகவில்லை என்பது மட்டும் தெரியும்.

"முப்பது புள்ளைகளும் நூறு வாங்கோணும். வாங்குனா அன்னைக்கே வேலை நிரந்தர ஆர்டர். இல்லீன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க," என்றார் தாளாளர்.

பாடம் எளிதுதான். அந்த அம்மாள் 'இது என்ன? இது ஒட்டகம்' என்பதுபோல் அரபில் பேசுவாள்; ஆறு படங்களில் சரியானதைத் தொட வேண்டும். படங்கள் இடம் மாறுவதில்லை, கேள்விகளும் வரிசை மாறுவதில்லை என்பதை வித்யா இரண்டாம் நாளே கண்டுகொண்டாள். பத்தாம் வகுப்பை மார்க் வாங்க வைக்கும் விதத்தைப் பார்த்துப் பழகியவள் அல்லவா. கரும்பலகையில் கட்டம் போட்டாள். ஒட்டகம் மேல் வரிசை மூன்று, முட்டை கீழ் வரிசை இரண்டு. காலையில் இருபது தடவை, மாலையில் இருபது தடவை. அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள் விரல்கள் போய் நின்றன.

மற்ற எல்லோரும் நூறு; அபிநயா மட்டும் நாற்பத்தொன்று.

"ஏஞ்சாமி இத்தனை லேட்டு?"

"அந்தம்மா சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேனுங்க மிஸ்."

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோயிருதே."

"அவங்க பேசறப்ப நாமளும் திருப்பிப் பேசோணுமில்லீங்களா. பாவம், தனியாவே பேசிட்டிருக்காங்க."

விருந்தாளி வரும் அன்று அபிநயாவைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள் வித்யா. வருகைப் பதிவேட்டில் விடுப்பு. மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் இப்படித்தான் திடீர் திடீரென்று காய்ச்சல் வரும்.

மஸ்கட்காரர் இருபத்தொன்பது நூறுகளையும் பார்த்துத் தலையாட்டினார். பண்ணையிலிருந்து கையோடு கொண்டுவந்த முட்டையைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே அரபில், "இது என்ன?" என்று கேட்டார்.

இருபத்தொன்பது விரல்கள் எழுந்தன. சத்தமில்லாமல் காற்றில் கீழ் வரிசை, இரண்டாம் கட்டத்தைத் தொட்டன.

"ஒண்ணுகூடத் தப்பில்லை பாருங்க," என்றார் தாளாளர் பெருமையாக.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "ஹாதிஹி பைளா," இது முட்டை, என்று அரபில் சொன்னது ஒரு குரல்.

யார் அது என்று விருந்தாளி திரும்பினார். தாளாளர் வித்யாவைப் பார்த்தார். ஆர்டர் அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது. யாருமில்லை என்று ஒரு வார்த்தை போதும். வித்யா போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

மஸ்கட்காரரும் அபிநயாவும் நாலைந்து வார்த்தை பேசிக்கொண்டார்கள். கிளம்பும்போது முட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"இந்தப் புள்ளை மார்க் எத்தனை?" என்று கேட்டார் தாளாளர்.

"நாப்பத்தொண்ணுங்க சார்."

தாளாளர் நெடுநேரம் யோசித்தார். "எல்லாம் அந்தச் சத்தத்துனாலதான். அது இல்லீன்னா இதும் நூறு வாங்கியிருக்கும். எல்லா டேப்லெட்டுலயும் சத்தத்தை நிறுத்திப்போட்டு வந்து ஆர்டரை வாங்கிக்குங்க."

இருபத்தொன்பதில் அந்த அம்மாளின் வாயை அடைத்தாள் வித்யா. முப்பதாவதற்கு நேராக, 'பழுது, சத்தம் நிற்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதினாள். அந்தப் பள்ளியில் பழுதானதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த டேப்லெட்டை அபிநயாவின் பைக்குள் வைத்துவிட்டு, ஆர்டரை வாங்கப் போனாள்.