மூன்று கோடு வலது

முகில் ஏர்வேஸில் நாற்பத்தொரு விமானிகள் இருந்தார்கள். விமானம் ஒன்றுகூட இல்லை. ஆளுக்கொரு கணினி, கைக்கு ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி, அவ்வளவுதான். ஹாமில்டனிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் திரைக்குள் ஓட்டிய அந்த நிறுவனத்தில், நிஜ நிறுவனங்களைவிட விதிகள் அதிகம். விடுப்புக்கு விண்ணப்பம் தர வேண்டும். தடாலென்று தரையிறங்கினால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். விதிகளில் பாதிக்கு மேல் எழுதியவர் தலைமைப் பயிற்றுநர் தண்டபாணி.

வாரநாட்களில் அவர் ஆக்லாந்தின் பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்த்தார். அங்கே அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஒருமுறை ஏழாவது ரேக் சாய்ந்திருக்கிறது என்று தானாகப் போய்ச் சொன்னார். மேற்பார்வையாளர் நன்றி சொன்னார். ரேக் இன்னும் சாய்ந்தே இருக்கிறது. ஆனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் கராஜில், அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினால் நாற்பது பேர் பேனாவை எடுத்தார்கள். அந்தப் பதவி போனால் அவருக்கு மிஞ்சுவது பெட்டிகள் மட்டும்தான். அது அவருக்கும் தெரியும், அவர் மனைவி பூங்கோதைக்கும் தெரியும்.

அவருடைய புகழுக்குக் காரணம் பதினொரு பக்கக் கையேடு ஒன்று. அதன்படி, இரட்டை எஞ்சின் விமானத்தில் இரண்டு விசிறிகளும் ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன. அதனால் மூக்கு எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஆகவே மூக்கைத் திருப்பும் ரடர் என்ற வால் பலகையைக் கொஞ்சம் திருப்பியே வைத்திருக்கும் ட்ரிம் சக்கரத்தை வலப்பக்கம் மூன்று கோடு நகர்த்தி வைக்க வேண்டும். பிறகு கையை எடுத்துவிடலாம். காற்றில்லாத ஏரியில் படகு போவதுபோல் விமானம் தானாகப் போகும். அவருடைய கராஜில் அது அப்படித்தான் போனது.

ஹாமில்டனில் இருந்த மனோஜுக்குத்தான் முதலில் ஒரு சந்தேகம் வந்தது.

"சார், மூணு கோடு வச்சா எனக்கு வலது பக்கம் போகுது சார்."

"கையைத் தளர்த்தி உக்காருங்க தம்பி. எஞ்சினோட இழுப்பை நீங்க இன்னும் உணரல."

மனோஜ் கையைத் தளர்த்தினான். விமானம் வலப்பக்கமே போனது. இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பார்த்தான்; திசை நேரானது. மகிழ்ச்சியோடு அறிவித்தான். கையேட்டின் அடுத்த பதிப்பில் அது இரண்டாம் விதியாயிற்று: 'தொடக்கநிலை விமானிகளுக்கு மட்டும்.' விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் கறுப்புக் குண்டு, சின்னக் கண்ணாடிக் குழாயின் நடுவில் நிற்காமல் அவரைத் தவிர எல்லோருக்கும் ஓரமாக ஒதுங்கியது. குண்டைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று மென்பொருள் நிறுவனத்துக்குத் தண்டபாணி நான்கு பக்கம் எழுதினார். நன்றி என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. அன்றிலிருந்து நாற்பது விமானங்கள் பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும், சற்றே பக்கவாட்டில், நண்டுகளைப் போல, மிகுந்த ஒழுங்கோடு கடந்தன. குழுவின் சட்டையில் மூன்று கோடுகள் அச்சாகின.

அந்தச் சனிக்கிழமை மதியம் பூங்கோதை புது வாஷிங் மெஷினோடு போராடிக்கொண்டிருந்தாள். கராஜில் அவருடைய விமானத்துக்குப் பின்னால்தான் அதற்கு இடம். சுற்றத் தொடங்கியதும் அது அதிர்ந்து அதிர்ந்து கராஜ் கதவை நோக்கி நடந்தது.

"ஏங்க, மெஷின் வெளிய கிளம்புது."

"இரு, மூணாயிரம் அடி தாண்டட்டும்."

அவள் காத்திருக்கவில்லை. ஃபோனில் ரசமட்டம் பார்க்கும் செயலியை இறக்கி, ஃபோனைத் தரையில் வைத்தாள். குமிழி ஒரேயடியாக ஒரு பக்கம் ஒதுங்கியது.

"தரையே சரிவா இருக்குங்க. மழைத்தண்ணி வெளிய ஓடணும்னு கதவுப் பக்கமா இறக்கி வச்சிருக்காங்க." ஒரு கட்டையைத் தேடிக்கொண்டே திரும்பியவள் அவரை முதுகுப்புறமாகப் பார்த்தாள். கதவு அவருக்கு இடப்பக்கம். சக்கரம் வைத்த நாற்காலி. நாற்காலி கதவுப் பக்கம் உருண்டுவிடாதபடி அவருடைய இடது கால் மிதியில் ஊன்றியிருந்தது. இடது மிதியை அழுத்தினால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் திரும்பும்.

"கொஞ்சம் அந்தக் காலை எடுங்க."

"பறந்துட்டிருக்கேன்ல?"

"எடுங்கன்னா."

எடுத்தார். நாற்காலி மெல்ல, மரியாதையோடு, இடப்பக்கம் நகர்ந்தது. திரையில் விமானம் வலப்பக்கம் திரும்பியது.

"மூணு வருஷமா இடது ஆடுசதை வலிக்குதுன்னு என்னைத் தைலம் தேய்க்க வச்சீங்களே," என்றாள் பூங்கோதை. அவள் மருத்துவமனையில் செவிலி. "நான் ரத்த ஓட்டம்னு பயந்துட்டிருந்தேன்."

தண்டபாணி எழுந்தார். ஒரு பலகையைப் போட்டு, தாழ்ந்த பக்கம் கட்டை கொடுத்து, நாற்காலியை மட்டமாக்கி, காலை லேசாக வைத்துப் பறந்து பார்த்தார். மூன்று கோட்டில் விமானம் வலப்பக்கம் போனது. குண்டு ஓரமாகப் போனது. மனோஜ் மூன்று வருடங்களுக்கு முன் பார்த்ததை அவர் இப்போது பார்த்தார். ட்ரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். குண்டு நடுவில் வந்து நின்றது. மனுகாவ் துறைமுகத்தின் சாம்பல்நிறத் தண்ணீருக்கு மேல் விமானம் கோடு போட்டதுபோல் போனது. அழகாக இருந்தது. அவர் கையேட்டின் பதினொரு பக்கங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் நேர்மையானவர். மாலைக்குள் குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டார்: தரை, நாற்காலி, கால், எல்லாம். 'மூன்று கோடு தவறு. பூஜ்யமே சரி. மன்னிக்கவும்.'

முதல் பதில் மனோஜிடமிருந்து வந்தது. 'சார் ஐடியை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. எந்த லிங்க்கையும் தொடாதீங்க.'

டொராண்டோவிலிருந்து சுலக்ஷன் எழுதினான்: 'ஹேக் இல்லை. அண்ணை எங்களைச் சோதிக்கிறார். மூண்டு கோட்டிலயே நிப்பம்.' அதற்கு முப்பது இதயங்கள் விழுந்தன.

தண்டபாணி கம்சாயினிக்கு ஃபோன் செய்தார். மனுகாவில் கணக்காளராக வேலை செய்யும் அவள்தான் குழுவின் செயலாளர், விமானிகளுக்குத் தேர்வு நடத்துபவளும்கூட.

"கம்சாயினி, நீயாச்சும் நம்பும்மா. நான் எழுதினது தப்பு."

"ஓம் அண்ணா, வாசிச்சனான். ஆனா கையேட்டை மாத்திறதெண்டா மூண்டில ரெண்டு பங்கு வாக்கு வேணும். நீங்கள் போட்ட விதிதானே?"

"சரி, வாக்கெடுப்பு வை."

"வச்சாச்சு. எதிரா முப்பத்தெட்டு. ஆதரவு ஒண்டு."

"அட, ஒருத்தராவது புரிஞ்சுக்கிட்டாங்களே. யாரு அது?"

"நீங்கள்தான் அண்ணா. குழுவில போட்ட கடிதத்தையே உங்கட வாக்கா எடுத்தாச்சு."

தண்டபாணி ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"நீ என்ன நினைக்கிற?" என்றார்.

"எனக்கும் ரெண்டு வருஷமா வலப்பக்கம்தான் இழுக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னனான். கையைத் தளர்த்தி இரு எண்டு சொன்னனீங்கள்." பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு உங்கட வருடாந்தச் சோதனை. பயிற்றுநரும் பறந்து காட்டோணும், விதி பதினாலு."

"அதுவும் நான் போட்டதா?"

"ஓம். நல்லா எழுதியிருந்தனீங்கள். ஃபெயில் எண்டா பதவி போயிடும் எண்டும் எழுதியிருக்கிறியள்."

ஞாயிறு காலை பத்து மணி. ஆக்லாந்திலிருந்து கெரிகெரிக்கு. முப்பத்தொன்பது பேர் இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி மட்டமான பலகையில் உட்கார்ந்து, நல்லபடியாக மேலேறி, எஞ்சின்கள் இரண்டின் வேகத்தையும் ஒத்துவரச் செய்தார்.

"ரடர் ட்ரிம்?" என்றாள் கம்சாயினி.

"பூஜ்யம்."

ஹெட்செட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அண்ணா, என்ர தாளில 'மூண்டு கோடு வலது' எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதில சரி போடாமல் என்னால பாஸ் போடேலாது. அதுக்குப் பிறகு கையை எடுத்திட்டு ரெண்டு நிமிஷம். திசை மாறக் கூடாது."

"மூணு வச்சா திசை மாறும்மா. அதைத்தான் நேத்துலேர்ந்து சொல்றேன்."

"இடது இறக்கையைத் தாழ்த்தலாம்தானே சார்?" என்று மனோஜ் ஆசையோடு குறுக்கிட்டான்.

"அது தொடக்கநிலை ஆக்களுக்கு மட்டும்," என்றாள் கம்சாயினி. "கையேடு, பக்கம் ஆறு."

பூஜ்யத்தில் வைத்தால் விதி போகும். மூன்றில் வைத்தால் திசை போகும். இரண்டையும் காப்பாற்றக்கூடிய விமானி உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் நேற்று மதியம் வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நிமிஷம் தாறன்," என்றாள் கம்சாயினி, மெதுவாக. "தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

அவர் விமானத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார். பின்னால் பூங்கோதை, நடக்கும் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"நான் சரியா ஓட்டறேனாம். ஆனா நான் எழுதின மாதிரி ஓட்டலையாம்."

"ஞாயித்துக்கிழமை வேற என்ன செய்வீங்க, இதை விட்டா?" அவள் கேலியாகக் கேட்கவில்லை. பிறகு அவள் காலால் பலகையைச் சுட்டினாள். "அந்தக் கட்டை உங்களுக்கு வேணுமா? மெஷினுக்கு இன்னும் ஒரு கட்டை போட்டா நிக்கும்."

தண்டபாணி பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். எழுந்து, குனிந்து, கட்டையை உருவிக் கொடுத்தார். பலகையைச் சுவரோரம் சாய்த்தார்.

"திரும்பி வந்திட்டீங்களோ? ரடர் ட்ரிம்?"

"மூன்று கோடு வலது," என்றார்.

"கையை எடுங்கோ."

எடுத்தார். நாற்காலி இடப்பக்கம் உருளப் பார்த்தது. இடது கால் யாரும் கேட்காமலே ஊன்றிக்கொண்டது. குண்டு ஆடி, தயங்கி, நடுவில் வந்து நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திசை ஒரு பாகைகூட மாறவில்லை.

"நூறுக்கு நூறு," என்றாள் கம்சாயினி. அவள் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. கட்டத்தில் சரி போடுகிறவளின் குரல் அது.

"சொன்னனான்தானே!" என்று சுலக்ஷன் கத்தினான். "சோதிச்சவர்!" எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் மனோஜ் கேட்டான், "சார், உங்களுக்கு மட்டும் அந்தக் குண்டு எப்படி சார் நடுவுல நிக்குது?"

பின்னால் வாஷிங் மெஷின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, நின்ற இடத்தை விட்டு நகராமல்.

"கையைத் தளர்த்தி உக்காருங்க தம்பி," என்றார் தண்டபாணி. அவருடைய இடது ஆடுசதை வலிக்க ஆரம்பித்திருந்தது.