பிரதமர் வீட்டு எல் போர்டு

பிரதமரின் மனைவிக்கு கேமராவைக் கண்டாலே ஆகாது. பதவியேற்பு விழாப் படத்தில் அவள் நின்ற இடத்தில் ஒரு பெரிய பூச்சாடிதான் தெரிகிறது, அதற்குப் பின்னால் அரைக் காது. பத்திரிகைக்காரர்கள் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த அரைக் காதையே பெரிதாக்கிப் போட்டார்கள். காதை வைத்துக்கொண்டு யார் யாரை அடையாளம் கண்டுபிடிப்பது?

அந்தத் தைரியத்தில்தான் ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன, வாஸ்தவம்தான். அவள் திருப்பச் சொன்னால் அதில் ஒன்றாவது திரும்புமா? மேலிடத்தில் கேட்க வேண்டும். தன் கையால் ஓட்டி, தனக்குப் பிடித்த தெருவுக்குப் போய்வர வேண்டும். அதற்கான லைசென்ஸைப் புருஷன் பெயரைச் சொல்லாமல் வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. காவலுக்கு வந்த பெண் போலீஸ் சாதாரண உடுப்பில் 'நாத்தனார்' என்று சொல்லிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் கண்ணை மூடிக்கொள்வாள்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். காதுல வாங்குறீங்களா இல்லையா?" என்று பயிற்சி மாஸ்டர் கத்துவார். இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவளை இப்படித் திட்டியதில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

லைசென்ஸ் சோதனை நாளன்று, அவள் முறை வந்த நேரம் பார்த்து ரோட்டை அடைத்துவிட்டார்கள். பிரதமர் வருகிறாராம்.

"மத்தியானம் நான் வேற ஊருக்குப் போகணும். அதுக்குள்ள ரோடு திறக்கலைன்னா அடுத்த மாசம்தான்" என்று சோதனை அதிகாரி கையை விரித்தார்.

நாத்தனார் கிசுகிசுத்தாள். "ஒரு போன் பண்ணட்டுமா மேடம்? வேற வழியா போகச் சொல்லிடலாம்."

"பண்ணினா அது என் லைசென்ஸா, அவரோட லைசென்ஸா? சும்மா இரு."

சொல்லிவிட்டு, தடுப்புக் கட்டையோரம் ஜனத்தோடு ஜனமாகப் போய் நின்றாள். கார் வந்தது, கண்ணாடி இறங்கியது. பிரதமர் அவளை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். பக்கத்தில் நின்ற மாஸ்டருக்கும் அதே சிரிப்பு, அதே கை. இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனுஷன்! அவளும் பேசாமல் கையை ஆட்டி வைத்தாள். ரோடு திறப்பதற்குள் அதிகாரி பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பிரதமர் பெருமையடித்தார். "இன்னைக்கு வெயில்ல என்னைப் பார்க்க எவ்வளவு ஜனம் தெரியுமா?"

"உங்களைப் பார்க்க நிக்கலை. ரோட்டை அடைச்சதால நின்னாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும்தான் நின்னேன். எனக்குக் கையெல்லாம் காட்டினீங்களே."

மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் சோதனை நின்றுபோனதைச் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லைசென்ஸை வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்திருப்பாங்களே."

"குடுப்பாங்க. ஓட்ட எனக்கு வரணுமே. ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிஞ்சுக்கிட்டேன். உங்களுக்குமா தெரியாமப் போகணும்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த சோதனை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, செயலாளருக்குப் போன் போட்டார்.

"அடுத்த மாசம் அந்தத் தேதியில நான் வெளிய வர மாட்டேன். ஒரு ரோட்டையும் அடைக்கக் கூடாது."

செயலாளர் காரணம் கேட்டிருக்க வேண்டும். பிரதமர் மனைவியைப் பார்த்தார். அவள் பதறிப்போய், சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எனக்கு அன்னைக்கு வயித்துப்போக்கு" என்றார் பிரதமர். "அப்படியே எழுதிக்குங்க."