ஹெட்டைத் திறந்த பிறகு

இருபத்திரண்டு வருஷமாக எஞ்சினை மூடியவன் நான். ஆகுர்டியில் ஒரு கார் தொழிற்சாலை. பெல்ட்டில் எஞ்சின் வரும். மெல்லிய கேஸ்கெட் தகட்டை வைத்து, அதன்மேல் எஞ்சினின் மூடியான ஹெட்டை இறக்கி, பத்து போல்ட்டை முறுக்கி அனுப்ப வேண்டும். எழுபது வினாடிதான், அதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று பீற்றிக்கொள்வேன். மூடிய ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனியில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். தேஹு ரோட்டில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட எனக்குக் கொள்ளை ஆசை. என் மனைவி பட்டு விண்ணப்பத்தை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டாள்.

"முதல்ல ஒரு வண்டிய முழுசா சரிபண்ணிக் காட்டுங்க. லோணாவளா காட் மலைப்பாதை ஏறி இறங்கட்டும். அப்புறம் கையெழுத்து போடுங்க."

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எதிர்வீட்டு மனோஜின் பழைய கார் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் தண்ணீர் கலந்து எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். திறந்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே தகடு கருகிக் கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் மூடி அனுப்பியதற்குள் என்ன நடக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

புதுத் தகடு, புது போல்ட். முறுக்குவது எனக்குக் கைவந்த கலை. மறுநாள் பட்டுவை உட்காரவைத்துக் கிளம்பினேன். மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் வெப்பமுள் சிவப்புக்குப் போனது. பின்னால் அதே வெள்ளைப் புகை. என் முகத்தில் ஈயாடவில்லை.

பட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள். "அந்தத் தகடு ஏன் எரிஞ்சுச்சு?"

"பழசு."

"இது புதுசுதானே. இது ஏன் எரிஞ்சுச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லைனில் ஏன் என்று கேட்க யாருக்கு நேரம்? வண்டியை டெம்போவில் கட்டி இழுத்து வரும்போது கோபம் போய், எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் அரித்தது.

மறுபடி திறந்தேன். ஹெட்டைக் கவிழ்த்து, குறுக்கே எஃகு ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தேன். ஸ்கேலின் நடுவில் நூல்போல வெளிச்சம் கசிந்தது. பட்டுவும் குனிந்து பார்த்தாள்.

"வளைஞ்சிருக்குங்க."

சூட்டில் வளைந்த ஹெட் தகட்டின்மேல் சரியாக உட்காரவில்லை. தொழிற்சாலையில் ஹெட் தட்டையாகத்தான் வரும் என்பதால், தட்டையா என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. சிஞ்ச்வட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் காசிம் பாய் அதை மெஷினில் தட்டையாகச் சீவிக் கொடுத்தார். இன்னொரு புதுத் தகடு போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை காட் ஏறி இறங்கினோம். முள் நடுவிலேயே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் பட்டு பீரோவிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினாள். எனக்குக் கை வரவில்லை. ஒரே ஒரு வண்டியைச் சரிபண்ணிவிட்டு இருபத்திரண்டு வருஷ வேலையை விடுவதா? பயமாக இருந்தது. மறுநாள்தான் கடைசி நாள். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன்.

முதல் எஞ்சின் வந்தது. ஹெட்டை எடுத்தேன், இறக்கவில்லை. பெல்ட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். ஆய்வு மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து ஹெட்டின் அடியில் வைத்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் விஸ்வேஸ்வரன் ஓடி வந்தார்.

"என்னாச்சு கந்தசாமி?"

"ஒண்ணுமில்ல சார். தட்டையா இருக்கான்னு பாத்தேன்."

"மெஷின் பாத்துத்தானே அனுப்புது?"

"தெரியும் சார். நான் பாத்ததில்ல."

துளி வெளிச்சம் கசியவில்லை. அத்தனை சுத்தமான தட்டை. அவர் தலையில் அடித்துக்கொண்டு பெல்ட்டை ஓடவிட்டார். முறுக்கி அனுப்பினேன். அடுத்தது வந்தது. என் கை மறுபடி ஸ்கேலை எடுத்தது. இனி பார்க்காமல் மூடி அனுப்ப என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, விஸ்வேஸ்வரனிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.