கண்ணாடி இல்லாத முதல் காலை

துணி தேய்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் நீராவியோடும் மூக்குக்கண்ணாடியோடும் மல்லுக்கட்டு. ஆனால் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளத் துணிந்தது அதனால் இல்லை. கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் கணவன் கடைசியாகக் கிளம்பிய அன்று நல்ல மழை. கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் கப்பல் விலகிவிட்டது. மறுநாள் போனில், "அவ்வளவு நேரம் கையாட்டினேனே, பாக்கலையா?" என்றான். அவள் பேச்சை மாற்றினாள். அந்தக் கேள்வி மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த அக்காவுக்குத்தான் பயம் அதிகம். "நடுவுல தும்மல் வந்தா?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"கண்ணு விலகினா மிஷின் தானா நின்னுடும். வலிக்காது, அழுத்தம் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் இருட்டிக்கிட்டு வரும். முடி கருகின மாதிரி வாடை வரும். பச்சைப் புள்ளியவே பாருங்க, போதும்."

சொன்னபடியே நடந்தது. சொட்டு மருந்தில் கண் மரத்துப்போனது. இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். இருட்டு வந்தபோது கையிலிருந்த ரப்பர் பந்தை இறுக்கிப் பிடித்தாள். புள்ளி மறுபடி தெரிந்தது, கலைந்தது, மிஷின் டிக் டிக்கென்றது. பயந்த அளவுக்கு நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் உரித்த மாதிரி எரிச்சல். கண்ணை மூடி, மேலே பிளாஸ்டிக் மூடியோடு படுத்திருந்தபோது அவன் வீடியோவில் கூப்பிட்டான். அக்கா போனைப் பிடித்துக்கொண்டாள்.

"தவளை மாதிரி இருக்க," என்றான் அவன். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"வர்றது தள்ளிப்போகுது. மாத்து ஆள் கிடைக்கலையாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல."

கண்ணைக் கசக்கக் கூடாது. மூடிக்குள் ஈரம் இறங்கியது.

"அழுறியா?"

"எரிச்சல்ல தண்ணி வருது."

அவன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவனிடமே கேட்க நினைத்தாள், அக்கா பக்கத்தில் இருந்ததால் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூடியை எடுத்துப் பார்த்தார். "நல்லா ஆறுது. ராத்திரி விளக்கச் சுத்தி கொஞ்ச நாள் வளையம் தெரியும், பரவாயில்ல."

திரும்பும் வழியில் பாலத்தில் அக்காவை நிறுத்தினாள். கீழே துறைமுகம். கப்பல்களின் பெயர்களைக் கண்ணாடி இல்லாமலே ஒவ்வொன்றாகப் படித்தாள். எதுவும் கணவனுடைய கப்பல் இல்லை. தூரத்தில், ஒரு கப்பலின் மேல்தட்டில், யாரோ ஒருவன் நீலச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெயில் கண்ணுல படுதுடி, வா," என்றாள் அக்கா.

"ஒரு நிமிஷம்க்கா." அந்த ஆள் இன்னொரு சட்டையை எடுக்கக் குனிந்தான்.