ஐம்பத்தாறு ஹெர்ட்ஸ் பள்ளம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அத்தான், அக்கா, அவர்களுடைய பதினொரு வயது மகள் வாலு, கார்ப்பென்டர், நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. நான் தூங்க வேண்டிய நேரம்.

அறை பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். பாட்டுக் கேட்க இதைவிட மோசமான அறையை வேண்டுமென்று கட்டினாலும் கட்ட முடியாது. மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் ஒரே ஒரு தாழ்ந்த சத்தம் எல்லாச் சுவரிலும் மோதிச் சுவரோரம் குவியும், நடுவில் செத்துவிடும். அத்தானின் நாற்காலி வருஷக்கணக்காக நடுவில்தான் இருந்தது. இப்போது பின்னால் தள்ளவும் முடியாது, பின்சுவரோரம் என் கட்டில்.

ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில் மூன்று வருஷம் ராத்திரி முழுக்க போன் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். வேலை போனது, தூக்கம் திரும்பவில்லை. ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். காலை பத்து மணிக்குக் கண் செருகும். பகலில் தூங்க இருட்டும் அமைதியும் வேண்டும். நண்பனின் அறையில் சில நாள் படுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சாலையைக் கடக்க நின்றவன் நின்றபடியே தூங்கி ஒரு பைக் மேல் விழுந்தேன். அப்போதுதான் அக்கா என்னை இங்கே கூட்டிவந்தாள். அத்தான் பாட்டுக் கேட்பதற்காக ஜன்னலைப் பலகை வைத்து அடைத்த அறை இது ஒன்றுதான். "இருக்கட்டும்" என்றார் அத்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் எழுந்து வெளியே வந்ததும் அவர் உள்ளே போவார். நான்கு மாதமாக இப்படித்தான்.

அத்தான் லிஃப்ட் பரிசோதகர். காதை நம்பமாட்டார், அளவை நம்புவார். மைக் வைத்து அளந்து கொடுப்பது என் வேலை. ஸ்பீக்கர் அடித்தொண்டையில் ஆரம்பித்துக் கீச்சுக்குரல் வரை ஒரு ஊளை விடும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று லேப்டாப்பில் கோடு வரும். கோட்டில் ஐம்பத்தாறு ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், பதினெட்டு டெசிபல். பாட்டில் பேஸ் என்ற அடிச்சத்தம் ஒன்று இருப்பதே நாற்காலிக்குத் தெரியாது. ஃபோம் ஒட்டச் சொன்னேன், ஒட்டினார். கம்பளம் விரிக்கச் சொன்னேன், விரித்தார். பள்ளம் அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும். நாற்காலி பின்னால் போனால் போதும். அங்கே நான் படுத்திருந்தேன்.

அன்றைக்குப் பஞ்சு அடைத்த நான்கு தடித்த பலகைகள் வந்திருந்தன.

"சார், நான் செஞ்சதுலயே இதுதான் கனம். இதுக்கும் சரியாகலன்னா வீட்ட இடிச்சுத்தான் கட்டணும்" என்றார் கார்ப்பென்டர்.

"அண்ணே, அவர் காதுல போடாதீங்க. கடப்பாரையத் தேட ஆரம்பிச்சிருவார்" என்றாள் அக்கா.

"மாமா, இன்னிக்கும் நரி ஊளை விடுமா?" வாலு கேட்டாள்.

"விடும். நீ வாய மூடினாத்தான் அது கேக்கும்."

"நரிக்கே பொறாமையா?"

பலகைகளை நான்கு மூலையிலும் நிறுத்த வழி வேண்டியிருந்தது. நாற்காலியை நகர்த்தினோம். மைக் ஸ்டாண்டை வாலு தூக்கி ஓரமாக வைத்தாள். வேலை முடிந்ததும் நாற்காலியைக் கார்ப்பென்டர் பழைய இடத்தில் போட்டார். மைக்கைத் திரும்ப எடுத்துவைக்க வேண்டியவன் நான். கண் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் வெளியே வந்தோம், கதவைச் சாத்தினோம், ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டினேன்.

ஊளை முடிந்தது. கோடு வந்தது. பள்ளம் இல்லை.

அத்தான் திரைக்குள் தலையை விடுவதுபோலக் குனிந்தார். "டேய்! எங்கடா அது?"

"நான் சொன்னேன்ல சார்? கனம்னா கனம்தான்" என்றார் கார்ப்பென்டர். அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். தம்பி தண்டச்சோறு இல்லை என்று நிரூபணமான சந்தோஷம் அவளுக்கு. எனக்கு ஏதோ தவறு என்று தெரிந்தது. எது என்றுதான் பிடிபடவில்லை.

அத்தான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டார். அரை நிமிஷம். அவர் முகம் இறங்கியது.

"கோட்டுல பேஸ் இருக்கு. காதுல இல்லையே." சுற்றிப் பார்த்தார். "மைக் ஏன் கட்டில் மேல இருக்கு?"

என் தலையணைக்கு மேலே மைக் நிமிர்ந்து நின்றது.

"நான்தான் வச்சேன்பா. மாமா எடுத்து வச்சிருவார்னு நெனச்சேன்" என்றாள் வாலு.

அத்தான் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மைக்கை ஒதுக்கிவிட்டு அது இருந்த இடத்துக்குத் தலையைக் கொண்டுபோனார். அதே பாட்டு. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது.

"இத்தன வருஷமா கேக்கறேன். இதெல்லாம் இந்தப் பாட்டுல இருக்கா?" என்றார். அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

கார்ப்பென்டர் தொண்டையைச் செருமினார். "சார், அப்ப நான் கெளம்பவா?" கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"திட்டுங்களேன் அவன. வாயத் தொறந்து ஒரு வார்த்த திட்டுங்க" என்றாள் அக்கா.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"படுக்க எடம் வேணும்னு சொல்லியிருந்தா நான் பேசாம விட்டிருப்பேனேடா" என்றார். உண்மைதான், விட்டிருப்பார். அதனால்தான் சொல்ல முடியவில்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் அது தயவு. கேட்காதவரைக்கும் அது ஒரு கட்டில் மட்டும்தான்.

அத்தான் கட்டிலை விட்டு எழுந்தார். "ஒரே தடவ. கட்டில வெளிய எடுத்துட்டு, நாற்காலியப் பின்னால போட்டு அளந்து பாத்துருவோம். அளவு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

அளவு தெரிந்தால் அவருக்குப் போதாது என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பீக்கரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

நானும் கார்ப்பென்டரும் கட்டிலைத் தூக்கினோம். வாசற்படியில் ஒரு காலைக் கழற்ற வேண்டியிருந்தது. ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கும் டிவிக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. தெரு வெளிச்சம் நேராக மெத்தைமேல் விழுந்தது.

"திரை தச்சுப் போட்டுடறேன்டா" என்றாள் அக்கா.

"நான் சத்தமே போடமாட்டேன் மாமா!" என்று வாலு கத்தினாள்.

திரும்ப உள்ளே போனேன். பின்சுவரிலிருந்து மூன்றடி, தரையிலிருந்து மூன்றே காலடி, அத்தானின் காது உயரம். டேப் வைத்து அளந்து மைக்கை நிறுத்தினேன். இந்தத் தடவை எதையும் மறக்கவில்லை. கோடு வந்தது. எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். மேட்டை லேப்டாப்பிலேயே வெட்டிவிடலாம், பள்ளத்தைத்தான் நிரப்ப முடியாது. வெட்டினேன். மறுபடி அளந்தேன். நான் எடுத்த கோடுகளிலேயே அதுதான் நல்ல கோடு.

"எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு அத்தான்."

அவர் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நேரம் கேக்கறேன். ஆறு மணி ஆகலதான். இன்னிக்கு மட்டும்."

மைக்கையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நான் வந்த நாளிலிருந்து அந்தக் கதவை யாரும் உள்ளிருந்து தாழிட்டதில்லை. தாழ்ப்பாள் ஒருமுறை சிக்கியது, பிறகு விழுந்தது.