இரண்டு பேருக்கு ஒரு பேண்ட்

சைக்கிளில் ஆபீஸ் போகிறவனுக்கு மிதிப்பது ஒரு வேலையே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு மனுஷனாக மாறுவதுதான் வேலை. பனியனும் அரை டிரவுசருமாக வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கி, ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாட்டியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எங்களுடையது லிஃப்ட் கம்பெனி. நானும் பெடலும் சர்வீஸ் பிரிவில் இருந்தோம். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எங்களுக்குத்தான் போன் செய்து திட்டுவார்கள்.

பெடல் என்பது அவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர். எனக்கு வைத்தது இஸ்திரி. பேண்டைச் செய்தித்தாளோடு சேர்த்து உருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி பையில் வைத்துக் கொண்டு வருவேன். எடுத்து உதறினால் மடிப்பு அப்படியே நிற்கும். சட்டைகள் வாரத்துக்கும் சேர்த்து திங்கட்கிழமையே வந்துவிடும். ஷூ மேசைக்கு அடியிலேயே குடியிருக்கும். பெடலோ எல்லாவற்றையும் சுருட்டித் திணித்துக்கொண்டு வருவான். ஒருநாள் பெல்ட் இருக்காது, ஒருநாள் சாக்ஸ் ஒற்றையாக வரும். "அண்ணே, ஒரு சாக்ஸ் கிடைக்குமா?" என்று வந்து நிற்பான். திட்டிக்கொண்டே கொடுப்பேன். என்னைவிடச் சின்னவன். தினமும் பெட்ரோல் பங்க் முனையில் எனக்காகக் காத்திருப்பான். அங்கிருந்து ஆபீஸ் வரை பேச்சுதான். எதிர்க்காற்றில்கூடச் சிரிக்க வைப்பான். கூடப் பிறந்த தம்பியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே விண்ணப்பித்தோம். எனக்கு அந்தப் பதவி வேண்டும். எத்தனை வருஷம்தான் போனில் வசவு வாங்குவது? வீட்டிலும் இந்த முறை எனக்குத்தான் என்று நம்பியிருந்தார்கள். நேர்காணல் அவனுக்குக் காலையில், எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். எங்கள் கிளை மேனேஜர் மேடமும் அவர்களோடு உட்காருவார்.

அன்றைக்கு நான் உடை மாற்றி முடித்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பெடல் பையைத் திறந்தான். சட்டை வந்தது, டை வந்தது, துண்டு வந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பேண்ட் இல்லை. நேர்காணல் ஆயிற்றே என்று வாழ்க்கையில் முதல்முறையாக அதை இஸ்திரி போட்டு, கசங்காமல் இருக்கட்டும் என்று வீட்டு நாற்காலியில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறான். அது அங்கேயே தொங்குகிறது. ஒரே ஒருநாள் ஒழுங்காக இருந்ததற்கு வந்த வினை. அவசரத்துக்கென்று என் மேசை டிராயரில் ஒரு பேண்ட் எப்போதும் இருக்கும். போன மழைக்கு அதையும் வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் திருப்பிக் கொண்டு வரவில்லை. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை, கடைகளும் திறந்திருக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"கழட்டறேன், போட்டுக்கோ. எனக்கு மத்தியானம்தானே," என்றேன்.

"அண்ணே, முடிஞ்ச அடுத்த நிமிஷம் கொண்டு வந்துடறேன்," என்றான். இடுப்பு கொஞ்சம் பெரிது. பெல்ட்டையும் கொடுத்தேன்.

நான் மேலே சட்டையும் டையும், கீழே அரை டிரவுசருமாக என் இடத்தில் உட்கார்ந்தேன். மேசைக்கு முன்பக்கம் பலகை அடித்திருப்பதால் எதுவும் தெரியாது. போன் எடுத்தேன், புகார் குறித்துக்கொண்டேன், மெக்கானிக்குகளை அனுப்பினேன். ராஜா மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்தேன்.

உள்ளே போனவன் நன்றாகப் பேசியிருக்கிறான். அது அவர்களுக்குப் பிடித்துப்போய், வந்தவர்களில் ஒருவரை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் பேண்டும் கூடவே போனது. கூப்பிட்டுப் பார்த்தால், அவன் போன் இங்கேயே அவன் பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் வந்தாள். வந்தவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம், மற்ற இருவரும் என்னை இப்போதே பார்த்துவிடுகிறார்களாம்.

பத்து நிமிஷம் கேட்டேன். அவள் மறுபடி வந்தாள். அப்போது எழுந்து போயிருக்கலாம். அரை டிரவுசரோடு கதவைத் தட்டி, நடந்தது இதுதான் மேடம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இஸ்திரி என்று பெயர் வாங்கியவன் முழங்கால் தெரியப் போய் நிற்பதா? அதோடு, அவனையும் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமே என்றும் ஒரு சாக்கு மனதுக்குள் ஓடியது. வயிறு சரியில்லை, இன்றைக்கு முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். ஸ்டோர் ரூமுக்கு ஓடி, கழற்றிய பேண்டை மடிப்புக் கலையாமல் மேசைக்கு அடியில் நீட்டினான். "இன்னும் நேரம் இருக்குண்ணே, கலக்குங்க," என்றான்.

"முன்னாடியே கூப்பிட்டுட்டாங்கடா. முடிஞ்சுது."

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு."

அவன் எதைப் போட்டுக்கொண்டு போனீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது. தலைமை அலுவலகக்காரர்கள் அப்போதும் கிளம்பியிருக்கவில்லை. நான் நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும், ஓடிப்போய் அவர்கள் காலில் விழுந்தாவது எனக்கு நேரம் வாங்கியிருப்பான். நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். மிச்சப் பொழுதை அவன் தன் மேசைக்குப் பின்னால் அரை டிரவுசரில் கழித்தான். அவனுக்கு ஒரே சிரிப்பு.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "பேண்டைக் கொடுத்தீங்க, சரி. வாயையும் சேர்த்தா கொடுத்தீங்க?"

பதவி அவனுக்கு வந்தது. எனக்கு வயிறு எரிந்ததும் உண்மை, அவன் கட்டிப்பிடித்தபோது சந்தோஷப்பட்டதும் உண்மை. அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வெட்டினான். ரிசப்ஷன் பெண் சும்மா இருக்காமல் என்னைக் கிண்டல் செய்தாள். "சார், வயித்துவலின்னு இன்டர்வியூவுக்கே போகலை. கேக் மட்டும் இறங்குதா?"

பெடலின் கை நின்றது. என்னைப் பார்த்தான், என் பேண்டைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பெட்ரோல் பங்க் முனையில் அவன் இல்லை. அதற்கு அடுத்த நாளும் நான் நின்று பார்த்தேன். பிறகு, பதவிக்குக் கம்பெனி கொடுத்த காரில் வர ஆரம்பித்தான். ஒருநாள் காலை என் மேசையில் ஒரு பெட்டி இருந்தது. பிரித்தால் புது பேண்ட். நான் என் சம்பளத்தில் வாங்கத் துணியாத துணி. என் அளவு அவனுக்கு மனப்பாடம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. வந்து பேசுவான், திட்டு வாங்கிக்கொள்வான் என்று காத்திருந்தவனுக்குத் துணி கொடுத்து அனுப்புகிறானா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனேன்.

"பேண்ட் இல்லாம வந்தது நான் இல்லையே," என்றேன்.

அவன் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தான். "சரிங்க சார்," என்றான்.

அதற்குப் பிறகு எனக்கு அண்ணே இல்லை. அந்த ஃபைல் வந்துதா சார், அந்த மெக்கானிக்கை அனுப்பினீங்களா சார். நானும் மேலதிகாரிக்கு உரிய மரியாதையோடு, அனுப்பிட்டேன் சார் என்பேன். பதவி போனதை நான் எப்போதோ விழுங்கிவிட்டேன். இதுதான் தொண்டையிலேயே நின்றது. யோசித்துப் பார்த்தால் எங்கள் ஆபீஸில் நடந்ததிலேயே பெரிய வேடிக்கை அது. வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருக்கலாம். தனியாக நினைத்தால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

போன மாதம் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் காலை, சைக்கிளில் வரும்போது வழி முழுக்க ஒரே வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். டேய். அதைச் சொன்னால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். சாயங்காலம் அவன் ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்றான். கையை விடவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான், எனக்குத் தெரியும்.

"போயிட்டு வாங்க சார்," என்றேன்.